ஸ்டீவ் இர்வினின் கைகளைப் பாருங்கள்

ஆஸ்திரேலிய வனவிலங்கு ஆர்வலர் ஸ்டீவ் இர்வினின் நிகழ்ச்சியைப் பார்க்க உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடம் டி.வி.யின் சத்தத்தை அறவே குறைத்துவிடுங்கள். காக்கி அரைக்கால் சட்டையும் 'கிரைக்கி!' என்ற கூச்சலும் எல்லோருக்கும் தெரியும். அவருடைய வித்தை முழுக்கக் கைகளில் இருக்கிறது.

'தி கிராக்கடைல் ஹன்டர்' தொடரில் முதலை பிடிக்கும் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல்தாடையில் கயிறு விழுந்ததும் உவர்நீர் முதலை உருண்டு புரள்கிறது. அவர் அது ஓயும்வரை காத்திருந்து, முதுகின்மேல் பாய்ந்து அமுக்குகிறார். கூடவே ஒரு துணி அதன் கண்களை மூடுகிறது. வெளிச்சம் மறைந்ததும் முதலை அடங்கத் தொடங்கும். பிறகு வாயைக் கட்டுகிறார்கள். கடிக்கும் தசைகளுக்கு அசுர பலம் என்றாலும், வாயைத் திறக்கும் தசைகளுக்கு அவ்வளவு வலு கிடையாது. அதனால் சில சுற்றுக் கட்டே போதும். இதை இரண்டாம் முறை பார்க்கும்போது, அவசரம் என்று நாம் நினைத்ததெல்லாம் விலங்குக்குக் காயம் படாமல் சீக்கிரம் முடிக்கும் பக்குவம் என்பது புரியும்.

இந்தப் பக்குவம் கேமராவுக்காக வந்ததல்ல. குவீன்ஸ்லாந்தின் பீர்வாவில் அப்பா பாப் 1970இல் தொடங்கிய ஊர்வனப் பூங்காதான் அவருக்குப் பள்ளிக்கூடம். 1980களில் ஊருக்கு அருகே வந்த முதலைகளைச் சுட்டுவிடாமல் பிடித்து இடம் மாற்றும் அரசுத் திட்டத்தில், சதுப்பு நிலங்களில் தன்னார்வலராக உழைத்தார். 1992இல் டெர்ரியை மணந்தார். தேனிலவுக்குப் போனதும் முதலை பிடிக்கத்தான்! அங்கே எடுத்த பதிவே தொடரின் முதல் நிகழ்ச்சியானது. புதிதாகப் பார்ப்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

இப்போது சத்தத்தைக் கூட்டுங்கள். உலகமே அருவருக்கும் பாம்பை அவர் 'அழகி' என்று கொஞ்சுவதைக் கேளுங்கள். யானையையும் புலியையும் ரசிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாம்புக்கும் முதலைக்கும் வக்காலத்து வாங்க ஆள் வேண்டியிருந்தது.

2004 ஜனவரியில் தன் ஒரு மாதக் கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு முதலைக்குத் தீனி போட்டார். ஊரே கொதித்தது. அந்தக் கோபம் நியாயமானது என்பதே என் கருத்து. அவர்மீது உள்ள பிரியத்தால் அதை மறைக்க வேண்டியதில்லை.

2006 செப்டம்பர் 4 அன்று, பாட் பவளத்திட்டில் படப்பிடிப்பின்போது திருக்கை மீனின் வால்முள் மார்பில் பாய்ந்து இறந்தார். வயது 44. அந்தப் பதிவு பொதுவெளிக்கு வரவில்லை. தயவுசெய்து தேடாதீர்கள்.

அவர் விட்டுச்சென்றதைத் தேடுங்கள். தாய் லின்னின் நினைவாக 2004இல் திறந்த வனவிலங்கு மருத்துவமனையில் கார் மோதிய கோலாக்களுக்கு இன்றும் சிகிச்சை நடக்கிறது. கேப் யார்க்கில் 1,35,000 ஹெக்டேர் காடு அவர் பெயரில் காக்கப்படுகிறது. அங்கே வென்லாக் ஆற்றில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் அவர் குடும்பம் முதலைகளைப் பிடித்து, கண்காணிப்புக் கருவி பொருத்தி, மீண்டும் ஆற்றிலேயே விடுகிறது.