சிலையாக நின்றவனும் லயத்தில் வாழ்பவனும்

நமது கலைகளில் நோய் பெரும்பாலும் நோயாக வருவதில்லை, தீர்ப்பாகவே வருகிறது. 1954ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ரத்தக்கண்ணீர்’ இதற்குத் தலையாய சான்று. திருவாரூர் கே. தங்கராசுவின் நாடகத்தை எம். ஆர். ராதாவின் நடிப்பு தமிழ் மக்கள் நெஞ்சில் அழியாமல் பதித்தது. அந்த நடிப்பின் ஆற்றலை எவரும் குறைத்துரைக்க இயலாது. ஆயினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வினைப்பயனை மேடைதோறும் எள்ளி நகையாடிய பகுத்தறிவுக் கலைஞர், காந்தாவின் வீட்டில் கிடந்தவனுக்குத் தொழுநோய் கூலியாகக் கிடைத்தது என்னும் கதையை எவ்வாறு ஏற்றார்? அந்நோய் ஒரு கிருமியால் வருவது என்பதை 1873இலேயே ஹான்சன் கண்டறிந்துவிட்டார். படம் வந்த காலத்தில் டாப்சோன் மருந்தும் புழக்கத்தில் இருந்தது. மோகனசுந்தரத்துக்குத் தேவைப்பட்டது மருந்து; கதை அவனுக்கு அளித்ததோ, பிறருக்கு எச்சரிக்கையாக ஒரு சிலை.

அரை நூற்றாண்டு கழிந்து, 2007இல் ‘மிருகம்’ வந்தது. நோயின் பெயர் எய்ட்ஸ் என்று மாறிற்று, தீர்ப்பு மாறவில்லை. முரடன் அய்யனார் உருக்குலைந்து மடிகிறான். கதை நடக்கும் காலம் எதுவாயினும், படம் திரைக்கு வந்த ஆண்டில் தமிழகத்தின் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. தாம்பரத்தில் 2004லேயே தொடங்கிவிட்டது. வாழ்பவர்கள் கண்ணெதிரே இருக்க, கலை பிணத்தையே தேடிச் சென்றது.

இத் தீர்ப்பு திரையோடு நிற்பதாயின் நாம் கவலைப்பட வேண்டியதில்லை. சப்ரகமுவத் தோட்டம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள். பக்கத்து அறையின் இருமல்கூட இங்கே கேட்கும். இங்கே ஒரு மாத்திரைப் புட்டியை எங்கே மறைப்பது? இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ, அங்குள்ள பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குச் சென்றால் அன்று பேர் விழாது. ஒரு நாட் சம்பளம் போயிற்று. எதற்காகப் போனாய் என்று லயமே கேட்கும். சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் இத் தோட்டங்களின் தமிழ்ப் பெண், தன் உடம்பின் அந்தரங்கத்தை இன்னொரு மொழியில் சொல்ல வேண்டியும் நேரலாம்.

இலங்கையில் இம் மருந்து இலவசம். தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. நாள் தவறாமல் மருந்து உண்டு, இரத்தப் பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமியைக் குறைத்துவிட்டவரிடமிருந்து உடலுறவால் அது பரவுவதும் இல்லை. ஆக, இன்று ஆளைக் கொல்லக்கூடியது மருந்தின்மை அன்று. மருந்தை மறைத்து உண்ண வேண்டிய நிலை. ஒளித்து உண்பவர் ஒருநாள் உண்ணாமல் விடுகிறார்; பின்னர் ஒரு மாதம் விடுகிறார்.

அச்சம் வெறுங் கற்பனையன்று. 2016இல் குளியாப்பிட்டியில், வதந்தி ஒன்றை நம்பி, ஆறு வயதுச் சிறுவனைப் பள்ளியில் சேர்க்க விடாமல் ஊரார் தடுத்தார்கள். அவனுக்குத் தொற்றே இல்லை. இருந்திருந்தால்தான் என்ன? கடைசியில் கண்டியில் ஒரு கல்லூரி அவனை ஏற்றது.

இந்த அச்சத்தை உடைத்தது எது? சுவரொட்டியன்று, தொற்றோடு வாழ்ந்தவரின் சொல். கொழும்பில் குழந்தை மருத்துவர் கமலிகா அபேரத்ன, இரத்தம் ஏற்றியதால் தமக்குத் தொற்று வந்ததை வெளிப்படையாகக் கூறி, 2004இல் மறையும்வரை பிறருக்காக உழைத்தார். நாமக்கல்லிலிருந்து வந்த கௌசல்யா, 1998இல் சென்னையில் தொற்றுடன் வாழும் பெண்களின் அமைப்பைத் தோழியருடன் தொடங்கினார். கணவனால் தொற்றுற்ற பெண்ணையே குடும்பம் குற்றவாளியாக்கியபோது, அதே வழக்கில் நின்ற இன்னொரு பெண்தான் அவளுக்கு வழக்கறிஞர் ஆனாள். ‘நானும் உண்கிறேன், தலை சுற்றும், சில நாளில் சரியாகும்’ என்று மருத்துவர் ஆயிரம் முறை சொல்லலாம். உண்டவள் ஒருமுறை சொன்னால் போதும்.

இதனை அப்படியே லயத்துக்குக் கொண்டுவருதல் இயலாது. தோழி வீடு தேடி வந்தாலே இரகசியம் உடையும். சிகிச்சை நாளில், பட்டணத்தில், தமிழ் பேசும் ஒருத்தி அருகில் அமர்ந்திருத்தலே இங்கு பொருந்தும் வழி. பஸ் கூலியும் இழந்த நாட் சம்பளமும் சேர்ந்தால் இன்னும் நன்று.

தோட்டத்து மக்களுக்கு இது புதிய பாடமன்று. மரண உதவிச் சங்கத்துக்கு மாதந்தோறும் காசு போடுபவர்கள் அவர்கள். செத்தவனை எவ்வளவு மரியாதையாக அனுப்புவது என்பதை அறிந்தவர்கள். அச் சங்கத்துக் கூட்டத்தில், இருமலும் காய்ச்சலுமாக இருப்பவனைப் பற்றி எவரேனும் பேச்செடுத்தால் என்ன நிகழும் என்பதைச் சிறுகதையாக எழுதலாம். மலையகத்து எழுத்தாளன் அதை எழுதுவானாக. பாத்திரம் இறுதியில் சாக வேண்டியதில்லை, மறுநாள் காலை பெரட்டுக்குப் போய்ப் பால் வெட்டட்டும்.