‘கண்ணாடி’ என்னும் சொல்லும் மொழிபெயர்ப்பும்

கேரளத்து ஆறன்முளையில் வார்க்கப்படும் கண்ணாடியைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்பவர்க்குக் ‘கண்ணாடியே இல்லாத கண்ணாடி’ என்று எழுதத் தோன்றும். இவ்வியப்பு அப்பொருளில் இல்லை. சொல்லைப் பற்றிய நம் எண்ணத்தில் உள்ளது. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றிய தகடு அது. பின்புறம் ரசம் பூசிய கண்ணாடியில் விரல்நுனிக்கும் அதன் உருவுக்கும் இடையே சிறு இடைவெளி தெரியும். இதிலோ முன்பரப்பே ஒளியைத் திருப்புவதால் இரண்டும் தொட்டு நிற்கும்.

பழந்தமிழில் ‘ஆடி’ என்பதே முகம் காட்டும் பொருளைக் குறித்தது. கன்னடத்துக் ‘கன்னடி’யும் மலையாளத்துக் ‘கண்ணாடி’யும் அப்பொருளையே முதன்மையாகச் சுட்டுவன. மூலப்பொருளுக்குக் கன்னடத்தில் ‘காஜு’, மலையாளத்தில் ‘சில்லு’. மூக்கில் அணிவதற்கு முறையே ‘கன்னடக’, ‘கண்ணட’. தமிழில் மூன்றும் ஒரே சொல்லின்மேல் ஏறின. ஆங்கிலத்தில் மூலப்பொருளின் பெயராகிய ‘கிளாஸ்’ முகம் பார்க்கும் பொருளுக்கும் ஆகிவந்தது. தமிழில் நேர்ந்தது இதன் மறுதலை எனலாம்.

கன்னடக் கதையொன்றில் சன்னலின் காஜு உடைய, சுவரிலுள்ள கன்னடியில் ஒருத்தி தன் முகத்தைக் காண்கிறாள் எனக் கொள்வோம். இரண்டையும் ‘கண்ணாடி’ என்றே பெயர்த்தால், உடைந்த கண்ணாடியிலேயே அவள் முகம் பார்ப்பதாகிவிடும். மூலத்தில் இல்லாத குறியீடு ஒன்று தமிழில் முளைக்கும். பேச்சுவழக்கு இச்சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது: முகம் பார்க்கும் கண்ணாடி, மூக்குக் கண்ணாடி, சன்னல் கண்ணாடி. இவ்வடைகளை மிகை எனக் கருதி நீக்கும் மொழிபெயர்ப்பாளர், நடையைச் செறிவாக்குவதாக எண்ணிப் பொருளைத் தொலைக்கிறார்.

இயற்பியல் பாடநூல்கள் குழியாடி, குவியாடி எனப் பழஞ்சொல்லை மீட்டது தக்கதே. ஆயின் கதையில் அது செல்லாது. முடிதிருத்தும் கடையில் ‘ஆடி’ மாட்டியிருந்தது என எழுதினால், வாசகர் தள்ளுபடி விற்பனையை நினைத்தாலும் வியப்பதற்கில்லை.

மலையாளத்திலிருந்து பெயர்ப்போர்க்கு இன்னொரு கண்ணியும் உண்டு. அங்குச் ‘சில்லு’ என்பது சன்னலில் முழுமையாகப் பொருத்தப்பட்டிருக்கும் கண்ணாடியையும் குறிக்கும்; தமிழிலோ அது உடைந்த துண்டு. ஒலியொப்புமையை நம்பி அச்சொல்லை அப்படியே எடுத்தாண்டால், கதையில் எவரும் கல்லெறியாமலே சன்னல் நொறுங்கிக் கிடக்கும்.