பனி மூடிய காரின் சாவி

கண்ணாடி முழுக்கப் பனி மூடிய ஒரு பழைய வோல்வோ கார். உள்ளே, திருட வந்த வண்டியைக் கிளப்ப முடியாமல் குளிரில் நடுங்கும் ஒரு மனிதன். போலீஸ் விளக்கின் சிவப்பும் நீலமும் பனியில் ஊடுருவுகின்றன. வீடு போய்ச் சேர்ந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று யாரிடமோ வேண்டுகிறான். போலீஸ் போய்விடுகிறது. தலைக்கு மேலிருக்கும் வெயில் மறைப்பைக் கீழே இழுக்கிறான். சாவி கையில் விழுகிறது.

2013 செப்டம்பர் 29 அன்று ஒளிபரப்பான ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் 62ஆவது, கடைசிப் பகுதி இப்படித் தொடங்குகிறது. எழுதி இயக்கியவர் தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன். ஒவ்வொரு தப்புக்கும் கணக்குத் தீர்த்த ஒரு தொடர் இவ்வளவு சுலபமாகச் சாவியைக் கொடுக்கலாமா என்று முதல் முறை எனக்கு உறுத்தியது. இப்போது உறுத்தவில்லை. தற்செயல் கதவைத் திறந்துவிடலாம்; முடிச்சை அவிழ்க்கத்தான் வரக்கூடாது.

முடிச்சை அவிழ்ப்பவை மனிதர்களின் பழக்கமும் வீம்பும். காரில் நடுங்கிய அந்த மனிதன் வால்டர், முன்னாள் வேதியியல் வாத்தியார். அவனுடைய போதைப்பொருள் தொழிலில் கூட்டாளியாக இருந்த லிடியாவைப் பாருங்கள். அதே ஓட்டல், அதே நாள், அதே நேரம். தேநீரில் சர்க்கரைக்குப் பதில் ஸ்டீவியா. வால்டர் வைத்த ரிசின் விஷம் அந்தச் சின்னப் பொட்டலத்துக்குள் இருக்கிறது. அவள் பொட்டலத்தைக் கிழித்துக் கோப்பையில் கொட்டுவதைக் கேமரா குனிந்து பார்க்கிறது. அவளைக் கொல்வது அவளுடைய ஒழுங்குதான். அவளைக் கவனித்து வந்த நமக்கு அது சட்டென்று புரிகிறது.

அடுத்தது அந்த எம்60 இயந்திரத் துப்பாக்கி. 2012இல், ஐந்தாவது சீசனின் முதல் காட்சியிலேயே வால்டர் அதை வாங்கிவிடுகிறான். எதற்கென்று அப்போது தங்களுக்கே தெரியாது என்று கில்லிகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கடனைத்தான் கடைசிப் பகுதி அடைக்கிறது. கார் டிக்கியில் துப்பாக்கி. அதை இப்படியும் அப்படியும் திருப்ப, கராஜ் கதவைத் திறக்கும் மோட்டார். இயக்க, கார்ச் சாவியில் இருக்கும் பொத்தான். வேதியியல் வாத்தியார் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் தங்கள் இடத்துக்கு வந்த வால்டரின் உடம்பைத் தடவிச் சோதித்த, ஜாக்கின் கொலைகாரக் கும்பலில் ஒருவனுக்குக் கூட டிக்கியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே கதாசிரியரின் கை அப்பட்டமாகத் தெரிகிறது. அதே காட்சியில், என் பழைய கூட்டாளி ஜெஸ்ஸியோடு கூட்டுச் சேர்ந்துவிட்டாய் என்று வால்டர் குத்திக்காட்ட, ரோஷம் தாங்காமல் ஜாக், தான் அடைத்து வைத்திருக்கும் ஜெஸ்ஸியை அடிமையாக இழுத்து வரச் சொல்கிறான் பாருங்கள், அது எழுத்து! ஜெஸ்ஸி அந்த அறைக்குள் வரவேண்டும் என்பது கதையின் தேவை. அவனை வரவழைப்பது ஜாக்கின் அகங்காரம். சுட்டு முடித்த பிறகு, செத்தவனின் முதுகைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருக்கிறது மசாஜ் நாற்காலி. அந்த ஒரு ஷாட்டுக்காக டிக்கியைக்கூட மன்னிக்கலாம்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வால்டரின் மனைவி ஸ்கைலரின் சமையலறையை. அவள் தங்கையோடு போனில் பேசிவிட்டு வைக்கிறாள். கேமரா மெல்ல நகர்கிறது. தூணுக்குப் பின்னால் அவன். இவ்வளவு நேரமும் அங்கேயே நின்றிருக்கிறான். போலீஸ் காவலைத் தாண்டி எப்படி வந்தான் என்று தொடர் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. குடும்பத்துக்காகத்தான் எல்லாம் செய்தேன் என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தவன், எனக்காகத்தான் செய்தேன் என்று முதல் முறையாக ஒப்புக்கொள்கிறான். வால்டராக நடித்த பிரயன் கிரான்ஸ்டன் அதைக் குரலை உயர்த்தாமல் சொல்கிறார். ஸ்கைலரின் முகம் லேசாக இளகுகிறது. போகும் முன், தூங்கும் குழந்தையின் தலையை மெல்லத் தடவுகிறான்.