ஏலக்காய்க்கு அடியில் ஒரு மரவாசம்

போடிநாயக்கனூரில் ஏலத்துக்கு வரும் நல்ல ஏலக்காயை நகத்தால் பிளந்து முகர்ந்து பாருங்கள். முதலில் அதிலுள்ள சினியோல் என்ற மணச்சேர்மத்தின் குளிர்ச்சி மூக்கில் ஏறும். பின்னாலேயே டெர்பினைல் அசிடேட்டின் இனிப்பு. சென்ட்டில் சேர்த்தால் இரண்டும் சீக்கிரம் பறந்துவிடும்.

1998இல் கார்த்தியே நிறுவனத்துக்காக 'டெக்லராசியோன்' சென்ட்டைச் செய்த வாசனைக் கலைஞர் ழான்-குளோத் எலெனா, ஏலக்காய்க்கு அடியில் ஐசோ ஈ சூப்பரைத் தாராளமாக விரித்தார். அமெரிக்காவின் ஐஎஃப்எஃப் என்ற வாசனைப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1970களில் பிறந்த செயற்கை மணப்பொருள் அது. தேவதாருவின் வறண்ட வாசம், கூடவே மெல்லிய அம்பர். தேடி முகர்ந்தால் பிடிபடாது. சற்றுப் பொறுத்தால் தோலிலிருந்து தானே எழும்.

செயற்கை என்றாலே மட்டம் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஐசோ ஈ சூப்பருக்கு மூலப்பொருளான மிர்சீனே பைன் மரத்தின் டர்பன்டைனிலிருந்து வருவதுதான். நம் மலைக்காயின் மணத்துக்கு அது போட்டியல்ல. காய் அடங்கிய பிறகும் மாலைவரை சட்டைக் காலரில் நிற்கும் நல்ல துணை.