வுட்வர்ட் சாலையின் உறுமல்

1964இல் போன்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுள்ள டெம்பஸ்ட் காருக்குள் 389 கன அங்குல வி8 எஞ்சினைப் பொருத்தி ஜிடிஓ என்று விற்றது. பெரிய காரின் எஞ்சின், சின்ன உடம்பு. அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் அந்தச் சத்தம்! சும்மா நிற்கும்போதே நம் அடிவயிற்றில் அதிரும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாயும். இன்றைய மின்சாரக் கார்கள் இதைவிட வேகமாகப் போகலாம்; எனக்கு இந்த உறுமல்தான் வேண்டும்.

டெட்ராய்ட்டின் வுட்வர்ட் அவென்யூவில், 1995இல் தொடங்கி ஆகஸ்ட் மாதங்களில் நடக்கும் 'ட்ரீம் குரூஸ்' என்ற பழைய கார்களின் திருவிழாவை எந்தக் கண்காட்சிக்கும் மேலாக வைப்பேன். அங்கே கார்கள் மேடையில் நிற்பதில்லை, ஓடுகின்றன. அதுவும் அறுபதுகளில் இளைஞர்கள் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட அதே சாலையில். ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஜிடிஓ, மஸ்டாங், சார்ஜர் என்று பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டே இருக்கலாம்.