பிளவா, பிரிவா? ஒரு பரிமாண எலக்ட்ரான் நிறமாலையும் பின்னல் துணி உவமையும்

ஒரு பரிமாணச் சங்கிலியில் வலுவாக இடைவினை புரியும் எலக்ட்ரான்களைப் பற்றிய பொது விளக்கங்களில் 'எலக்ட்ரான் இரண்டாகப் பிளக்கிறது' என்னும் தொடர் மீளமீள வருகிறது. இத்தொடர் பிழையானது என்பதும், திருப்பூர் வட்டார மாணவர் நன்கறிந்த பின்னல் துணி அப்பிழையைப் பாதியளவே திருத்த வல்லது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பனியன் துணியில் ஒரு கண்ணியை இழுத்தால் அண்டைக் கண்ணிகளின் நூலும் உடன் நகரும். ஒரே நூலால் அமைந்த வரிசையில் எந்தக் கண்ணிக்கும் தனியியக்கம் இல்லை. ஒற்றைப் பாதையில் ஒன்றையொன்று விலகிக் கடக்க வழியற்ற எலக்ட்ரான்களின் நிலையும் இதுவே. தொமோனாகா (1950), லுட்டிஞ்சர் (1963), ஹால்டேன் (1981) ஆகியோரின் ஆய்வுகள் இக்கூட்டியக்கத்திற்குக் கணித வடிவம் தந்தன. இதுவரை உவமை பொருந்துகிறது.

ஆயின் கண்ணிக்கு இடப்பெயர்ச்சி ஒன்றே உண்டு. எலக்ட்ரானுக்கோ மின்னூட்டம், தற்சுழற்சி என இரு பண்புகள். தற்சுழற்சிகள் மேல், கீழ் என மாறிமாறி அமைந்த சங்கிலியிலிருந்து ஓர் எலக்ட்ரானை அகற்றுவதாகக் கொள்வோம். அண்டை எலக்ட்ரான் வெற்றிடத்துக்குத் தாவ, வெற்றிடம் ஓரிடம் நகரும். அதன் பின்னே ஒரே திசைத் தற்சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் அடுத்தடுத்து நிற்கும். வெற்றிடம் மேலும் நகர்ந்தாலும் புதிய குலைவு தோன்றாது. எனவே மின்னூட்டக் குறை ஒரு வேகத்திலும் தற்சுழற்சிக் குலைவு வேறொரு வேகத்திலும் செல்லும். இரு பரிமாணத்திலோ வெற்றிடம் சென்ற வழியெங்கும் குலைவு நீள்வதால் இத்தகைய எளிய பிரிவு வாய்ப்பதில்லை. உடைவது எலக்ட்ரான் அன்று. சங்கிலியின் கிளர்வே இரண்டாகிறது.

'நிறமாலை' என்னும் சொல்லும் இங்கு வண்ணங்களைச் சுட்டுவதன்று. குறிப்பிட்ட உந்தமுடைய ஓர் எலக்ட்ரானை அகற்ற எந்தெந்த ஆற்றல் எவ்வளவு நிகழ்தகவுடன் தேவைப்படும் என்னும் பரவலையே அது குறிக்கிறது. சாதாரண உலோகத்தில் அப்பரவல் ஒரு கூர்முகடாக அமையும். தாமிரமும் ஆக்சிஜனும் சங்கிலியாய் அமைந்த ஸ்ட்ரான்சியம் தாமிர ஆக்சைடில் நடந்த ஒளிமின் உமிழ்வுச் சோதனைகள், 1996இல் பிரிவின் அறிகுறியையும் 2006இல் இரு தனித்த கிளைகளையும் காட்டின. அச்சோதனைகளிலும் வெளியேறி அளக்கப்பட்டது முழு எலக்ட்ரானே என்பது கருதத்தக்கது.

'பிளவு' எனக் கற்ற மாணவர், எலக்ட்ரான் அடிப்படைத் துகள் என்னும் பாடநூற் கூற்றோடு இதனைப் பொருத்த இயலாது மயங்குவார். 'கிளர்வுகளின் பிரிவு' எனக் கற்றவருக்கு அம்முரண் எழாது. ஆகவே பின்னல் துணி உவமையைக் கைவிட வேண்டியதில்லை; கூட்டியக்கத்தை விளக்கியதும் அதனை நிறுத்தி, பிரிவை விளக்கத் தற்சுழற்சிச் சங்கிலியையே வரைந்து காட்டுதல் வேண்டும்.