கேட்பவனும் குத்துகிறவனும்

கலைஞன் பிறர் சொல்லிச் செய்வதில்லை என்பது நம் சிறுபத்திரிகைக்காரர்கள் கேள்வியில்லாமல் ஒப்புக்கொண்டுவிட்ட சில விஷயங்களில் ஒன்று. சொல்லிச் செய்தால் வியாபாரம், சொல்லாமல் செய்தால் சிருஷ்டி. வார இதழ்த் தொடர்கதைக்காரர்களை எட்ட நிறுத்த இந்தப் பிரிவினை உதவியிருக்கிறது; மறுக்கவில்லை. ஆனால் இதையே ஒரு கலைக்கொள்கையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு சரி என்ற சந்தேகம் எனக்கு ஒரு பச்சை குத்தும் கடையில் வைத்து வந்தது. நிஜக் கடை இல்லை. ஃபிளானரி ஓ'கானரின் ‘பார்க்கரின் முதுகு’ என்ற கதையில் வருகிற கடை.

லூபஸ் நோய் முற்றிய தன் கடைசி மாதங்களில் ஓ'கானர் எழுதி முடித்த கதை இது. 1964 ஆகஸ்டில் அவர் இறந்தார். கதை 1965இல் வெளியாயிற்று. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் நிற்கிறார்கள். ஒன்று, பார்க்கர் ஓட்டும் டிராக்டர் மரத்தில் மோதித் தீப்பிடிக்கும் இடம். மற்றது, மனைவி அவனைத் துடைப்பத்தால் அடிக்கும் இடம். அருள், அவதாரம், விக்கிரக ஆராதனை என்ற சொற்கள் இரண்டுக்கும் நன்றாகவே பொருந்துகின்றன. கத்தோலிக்கரான ஓ'கானரும் ஆட்சேபித்திருக்கமாட்டார். ஆனால் நடுவிலிருக்கும் கடைக் காட்சியை ஏதோ போகிற வழி என்பதுபோல் கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு அந்தக் காட்சிதான் கதை.

பார்க்கர் பதினான்கு வயதில் சந்தையில் ஒரு மனிதனைப் பார்க்கிறான். தலையிலிருந்து கால்வரை பச்சை குத்திய மனிதன். அவன் அசைய, படங்களெல்லாம் ஒரே சித்திரமாகச் சேர்ந்து அசைகின்றன. அன்று பிடித்த பித்து. கடற்படையில் சேர்ந்து, போன துறைமுகங்களிலெல்லாம் குத்திக்கொள்கிறான். ஜப்பானில் தந்த ஊசிகளால் கையில் ஒரு புத்தர். பர்மாவில் நீளமான கூர்க்குச்சிகளால் முழங்காலுக்கு ஒன்றாக மயில். ஒவ்வொன்றும் ஒரு மாதத்துக்கு நிம்மதி தரும், பிறகு அலுத்துவிடும். உடம்பின் முன்பக்கம் நிறைந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் சந்தையில் கண்ட அந்த ஒரே சித்திரம் இல்லை. கண்டபடி அள்ளி ஒட்டியதுபோல இருக்கிறது. முதுகு மட்டும் காலி. தன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் படம் எதற்கு என்பது அவன் கணக்கு.

இந்த அலுப்புக்கு ஆன்மிகக் காரணம் தேடுமுன், தொழில்ரீதியான ஒரு காரணத்தைப் பார்க்கலாம். அந்தக் காலத்து அமெரிக்கக் கடைகளில் சுவர் முழுக்கப் படத்தாள்கள் தொங்கும். ஃபிளாஷ் என்று அவர்கள் தொழிலில் பெயர். நங்கூரம், கழுகு, ரோஜா, அம்பு தைத்த இதயம். கைநீட்டிக் காட்டவேண்டியது, காசைக் கொடுக்கவேண்டியது, உட்காரவேண்டியது. பேச்சுக்கே இடமில்லை. ஐம்பது முறை கைநீட்டியவனுக்கு ஐம்பது படம் கிடைக்கும். ஒரு உடம்புக்கான சித்திரம் கிடைக்காது. பார்க்கரின் முன்பக்கம் அப்படிப்பட்ட ஒரு சுவர்.

டிராக்டர் எரிந்த கையோடு, பூட்ஸும் தீயில் போக, வெறுங்காலோடு நகரத்துக்கு வந்து கடைக்குள் நுழைகிறான். கடவுள் படங்கள் உள்ள புத்தகம் வேண்டும் என்கிறான். பச்சை குத்துகிறவன் கேட்பது நியாயமான தொழில்கேள்வி: புனிதர்களா, தேவதூதர்களா, கிறிஸ்துவா, எது? கடவுள் என்கிறான் பார்க்கர். பிதாவா, சுதனா, ஆவியா என்று அடுத்த கேள்வி. வேட்டிக் கடையில் கரை எத்தனை விரல் என்று கேட்பதுபோலத்தான். ஓ'கானரின் நகைச்சுவை என்று இதைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். நகைச்சுவைதான். ஆனாலும் கேட்கிறவன் பக்கம் நியாயம் இருக்கிறது. ‘கடவுள்’ என்ற சொல்லை ஊசியால் குத்த முடியாது. மூக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். பார்க்கரிடம் இருப்பது சொல், அவனுக்கு வேண்டியது கோடு. ஒன்றை மற்றதாக்கும் வழி இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எதுவானாலும் சரி, கடவுளாக இருந்தால் போதும் என்று சொல்லிப் பார்க்கர் பேச்சை முடித்துக்கொள்கிறான்.

புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுகிறான். நவீனப் படங்கள் அங்கேதான் இருக்கின்றன: மேய்ப்பன், புன்னகைக்கும் இயேசு, வைத்தியரின் நண்பர். காலண்டர் இயேசுக்கள். எல்லாவற்றையும் கடந்து வேகமாகப் போகிறான். ஒரு பக்கத்தில் எதுவோ தடுக்கிறது. திரும்பிப் போகிறான். தட்டையான, கடுமையான ஒரு பைஸாந்திய முகம். முகத்தைவிடக் கண்கள், எல்லாவற்றையும் கொடு என்று கேட்கிற கண்கள். இதுதான் என்று பக்கத்தைக் காட்டுகிறான்.

இங்கே நடக்கிற சிறு பேரம் முக்கியமானது. மூலம் மொஸைக். சின்னச் சின்னக் கற்சில்லுகளால் ஆன முகம். இத்தனை சதுரங்கள் வேண்டாம், புறக்கோடும் கொஞ்சம் லட்சணமான முகவெட்டும் போதும் என்று பச்சை குத்துகிறவன் யோசனை சொல்கிறான். தன் தொழில் தெரிந்தவனின் யோசனை இது, சோம்பேறித்தனம் இல்லை. மை மேல்தோலுக்குக் கீழே உட்கார்ந்து வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நெருக்கமான கோடுகள் ஒன்றில் ஒன்று கலந்துபோகும். சுவர் வேறு, தோல் வேறு. எந்த நல்ல பச்சைக்காரனும் இதைச் சொல்லியிருப்பான், சொல்லவேண்டும். பார்க்கர் மறுத்துவிடுகிறான். உள்ளது உள்ளபடி வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே வேண்டாம்.

நம் கொள்கைப்படி இங்கே கலை செத்துவிட்டது. வாங்குகிறவன் கட்டளையிடுகிறான், செய்கிறவன் நகலெடுக்கிறான். ஆனால் கதையில் இதற்குப் பிறகுதான் வேலையே நடக்கிறது. அயோடின் பென்சிலால் முதுகில் தலையை வரைந்து முடிக்கவே நேரம் போகிறது, மின்கருவியைக் கையிலெடுப்பது அதற்கும் பிறகு. மற்ற சமயங்களில் ஊசிக்கடியில் தூங்கிவிடும் பார்க்கர் இம்முறை விறைத்துப்போய் விழித்திருக்கிறான். நள்ளிரவில் இரண்டு கண்ணாடிகள் வைத்துக் காட்டுகிறபோது முகம் ஏறக்குறைய முடிந்திருக்கிறது, கண்கள் இல்லை. ஏமாற்றிவிட்டான், வைத்தியரின் நண்பரைக் குத்திவிட்டான் என்று பயப்படுகிறான். கண்கள் மறுநாள். இந்தப் பயத்தில்தான் பார்க்கர் என்ன கேட்டிருந்தான் என்பது அவனுக்கே தெரிகிறது. அவன் கேட்டது கடவுளையும் அல்ல, மொஸைக்கையும் அல்ல. அந்தப் பார்வையை. சதுரங்களில் பிடிவாதம் பிடித்ததுகூட, ஒரு சில்லை விட்டுக்கொடுத்தால் பார்வையும் கூடவே போய்விடும் என்ற அச்சத்தினால்தான் என்று எனக்குப் படுகிறது. மறுநாள் வேலை முடிந்ததும் அவனுக்குப் பார்க்கவே மனமில்லை. பச்சை குத்துகிறவன்தான் கையைப் பிடித்து இழுத்துக் கண்ணாடிகளுக்கு நடுவே நிறுத்துகிறான். தன் வேலையை வாங்கினவன் பார்த்தாகவேண்டும் என்பது அவன் கௌரவம்.

நேர் எதிரான கடை ஒன்று தானிஸாகியின் ‘பச்சை குத்துபவன்’ கதையில் இருக்கிறது. தானிஸாகி 1910இல், மாணவப் பருவத்தில், தாங்கள் நடத்திய ஒரு சிறுபத்திரிகையில் எழுதியது; ஹிபெட்டின் ‘ஏழு ஜப்பானியக் கதைகள்’ (1963) தொகுப்பில் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. எழுதப்பட்ட காலத்தில் ஜப்பானில் பச்சை குத்துவதே சட்டவிரோதம்; 1872இல் வந்த தடை 1948இல்தான் நீங்கியது. கதை தடைக்கு முந்திய எடோ காலத்துக்குப் போய்விடுகிறது. ஓவியனாக இருந்து பச்சைக்காரனான ஸெய்கிச்சி வருகிறவர்களுக்கு விதிக்கும் நிபந்தனை: சித்திரமும் அவன் இஷ்டம், கூலியும் அவன் இஷ்டம், மாதக்கணக்கில் வலியைப் பொறுக்கவேண்டியது மட்டும் அவர்கள் பாடு. நம் கொள்கைக்கு இவனைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான். வருஷக்கணக்கில் தேடிய தோல் ஒரு பெண்ணின் உருவில் வேறு காரியமாக வீட்டுக்கு வருகிறது. அவளிடம் அவன் எதுவும் கேட்பதில்லை. கொடூரமான இரண்டு படங்களைக் காட்டி, நீ இதுதான் என்கிறான். பிறகு மயக்கமருந்து. விடியும்போது அவள் முதுகு நிறைய ஒரு சிலந்தி.

கேட்காமலே செய்த கலையின் உச்சம். ஆனால் கடைசியில் என்ன நடக்கிறது? நீதான் என் முதல் இரை என்கிறாள் அவள். யாரையும் கேட்க விடாதவன், போகுமுன் ஒருமுறை முதுகைக் காட்டு என்று கேட்டு நிற்கிறான். இந்தக் கதையை அழகின் ஆராதனை என்று நம்மில் சிலர் கொண்டாடியிருக்கிறார்கள். அழகு இருக்கிறது. கூடவே, எதிராளியின் வாயை அடைத்துவிட்டுச் செய்கிற சிருஷ்டி செய்தவனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் இருக்கிறது. தானிஸாகிக்கு அப்போது இருபத்துநான்கு வயது. அவருக்குத் தெரிந்திருந்தது.

வரலாறு இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு கடை திறந்தது. சித்திர அச்சுக்கலை படித்த டான் எட் ஹார்டி 1973இல் ஜப்பான் போய் அங்கே ஒரு பச்சைக்கலைஞரோடு வேலை செய்தார். முதுகு முழுவதும் ஒரே சித்திரம் என்ற ஜப்பானிய மரபை நேரில் பார்த்துத் திரும்பினார். 1974இல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் அவர் திறந்த கடையில் சுவரைக் காட்டிக் கேட்க முடியாது. முன்கூட்டி நேரம் குறித்துக்கொண்டு வரவேண்டும், உட்கார்ந்து பேசவேண்டும். பேசித்தான் படம் பிறக்கும். (அதே ஹார்டியின் பெயர் பிற்பாடு, இந்த நூற்றாண்டின் ஆரம்ப வருஷங்களில், பனியன் பனியனாக அச்சாகி உலகமெல்லாம் விற்றது வேறு கதை.) இன்று நல்ல கடைகளில் வழக்கம் ஏறக்குறைய இதுதான். மாதிரிப் படங்கள் கொண்டுபோகலாம். இன்னொருவர் உடம்புக்கென்று வரைந்ததை அப்படியே எடுக்க மானமுள்ளவன் சம்மதிக்கமாட்டான். வரைந்ததை ஸ்டென்சிலாகத் தோலில் ஒற்றிக் கண்ணாடி முன் நிற்க வைப்பார்கள். இடம் மாற்று, பெரிதாக்கு, வேண்டாம் என்று சொல்ல அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். பெரும்பாலோர் அப்போதுதான் வாயைத் திறப்பதில்லை. அதற்கு முன்னால் நிறையப் பேசியிருப்பார்கள்: சுதந்திரம், அம்மா, வலி, மறுபிறப்பு. அத்தனையும் இரண்டங்குலத்தில் வேண்டும் என்றிருப்பார்கள்.

ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு ஓவிய நண்பரிடம் அட்டைப்படத்துக்குப் போகிற நாமும் இதைத்தான் செய்கிறோம். அர்த்தத்தைச் சொல்லிவிட்டுப் படத்தை எதிர்பார்க்கிறோம். பார்க்கர் புத்திசாலியல்ல, பேசத் தெரியாதவன். ஆனால் எது போனால் எல்லாம் போய்விடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதை அவன் விளக்கவில்லை, விரலை வைத்துக் காட்டினான். செய்கிறவனுக்குப் பயன்படுவது அது ஒன்றுதான்.

என் பாட்டியின் முன்கையில் ஒரு கோலம் இருந்தது. புள்ளிகளை வளைத்துப் போகும் கோடு, தோல் சுருங்கி நீலம் கசிந்து ஒரு மேகமாகியிருந்தது. பத்து வயதில் தெருவில் வந்த குறத்தியிடம் மயில் வேண்டும் என்று கேட்டாளாம். உன் கைக்கு மயில் தாங்காது என்று சொல்லி, வலி தெரியாமலிருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே, விளக்குக்கரியைக் குத்திக் கோலமாக்கிவிட்டாள் குறத்தி. பாட்டி அதைக் குறையாகவும் சொன்னதில்லை, நிறையாகவும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் மயிலில்தான் ஆரம்பிப்பாள்.

பார்க்கர் வீட்டுக்குப் போகிறான். அந்த முதுகே மனைவி ஸேரா ரூத்துக்காகத்தான், அவள் மறுக்கமுடியாத ஒரு படத்தை அவள் கண்முன் நிறுத்தத்தான். முதலில் திறந்த பைபிள் ஒன்றைக் குத்திக்கொள்ளலாம் என்றுகூட யோசித்தவன். அவளோ, கடவுளுக்கு முகம் கிடையாது என்கிறாள். கடைக்காரனுக்கு இருந்த சந்தேகம் அவளுக்கு இல்லை. பிதாவா சுதனா என்று அவள் கேட்பதில்லை. துடைப்பத்தை எடுத்து முதுகிலேயே அடிக்கிறாள். புதிதாய்க் குத்திய முகத்தின்மேல் தழும்பு தழும்பாக வீங்குகிறது. கடைக்காரன் கணக்கில் வராத அந்தக் கோடுகளும் அந்தச் சித்திரத்தில் இருக்கின்றன.